ஏ-டி நோய்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

என் அக்கா மகளுக்கு அடாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா, சுருக்கமாக ஏ-டி. நோயின் பெயர் தெரிந்த பிறகு எங்கள் நம்பர் எப்படியோ கைமாறி, இதே நோய் உள்ள பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர் வேறு, மொழி வேறு, கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளையின் டாக்டரிடம் பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் சிறுமூளை மெல்ல மெல்ல அழிவதை இன்றைக்கு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் நுரையீரலைக் காப்பதும், விழுங்குவதில் வரும் ஆபத்தைத் தடுப்பதும், தேவையில்லாத கதிர்வீச்சைத் தவிர்ப்பதும் நம்மால் முடியும். கீழே பாதிக் கேள்விகள் அதைச் சுற்றித்தான்.

"டாக்டர் அடாக்ஸியா என்னமோன்னு எழுதிக் கொடுத்தார். இது என்ன நோய்?"

மரபணுவில் வரும் பிறவி நோய். நம் செல்களில் உள்ள டிஎன்ஏ அவ்வப்போது அறுந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோனால் அதைக் கண்டுபிடித்து, செல்லின் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, பழுதுபார்க்கும் புரதங்களைக் கூப்பிடுவது ஏடிஎம் என்ற புரதம். அதை உண்டாக்கும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்த பிரதி, அப்பாவிடமிருந்து வந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால்தான் நோய் வரும்.

அடி விழுவது முக்கியமாக இரண்டு இடங்களில்: உடம்பை நிலைநிறுத்தி, பேச்சையும் கண் அசைவையும் ஒழுங்குபடுத்துகிற சிறுமூளை ஒன்று, நோய் எதிர்ப்பு மண்டலம் இன்னொன்று. கூடவே புற்றுநோய்க்கான வாய்ப்பும் அதிகம். உலக அளவில் 40,000 முதல் 1 லட்சம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்று கணக்கு. பெல்ஜியத்தில் டெனிஸ் லூயி-பார் என்ற பெண் மருத்துவர் 1941-இல் இப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார், மரபணுவை 1995-இல் டெல் அவிவில் யோசெஃப் ஷைலோவின் குழு கண்டுபிடித்தது. நல்ல அனுபவமுள்ள குழந்தை மருத்துவர்கூட ஒரு ஏ-டி பிள்ளையையும் நேரில் பார்த்திருக்காமல் இருக்கலாம். அதனால்தான் கண்டுபிடிக்க இவ்வளவு தாமதமாகிறது.

"ஒரு வயசுல எல்லாப் பிள்ளைங்க மாதிரிதான் நடந்தா. அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

இதுதான் ஏ-டியின் வழக்கமான போக்கு. பிள்ளை ஏறக்குறைய சரியான வயதில் நடக்கத் தொடங்கிவிடும். நடக்கப் பழகும் எல்லாக் குழந்தையும் தள்ளாடும், மற்றவர்களுக்கு அது சில மாதங்களில் போய்விடும், இவர்களுக்குப் போகாது. நின்ற இடத்தில் நிற்கும்போதுதான் ஆட்டம் அதிகம் தெரியும், அதனால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கப் பார்ப்பார்கள். 'துறுதுறுன்னு இருக்கா' என்று நாமும் சந்தோஷப்பட்டிருப்போம்.

இரண்டு வயதிலிருந்து நாலு, ஐந்து வரை நிலைமை அப்படியே இருப்பது போலவும், சிலருக்குக் கொஞ்சம் தேறுவது போலவும் தோன்றும். பிள்ளை வளர வளரக் கற்றுக்கொள்வது, நோய் எடுத்துக்கொள்வதை ஈடுகட்டும் காலம் அது. அதற்குப் பிறகு ஆட்டம் கூடும், பேச்சு குழறும், பக்கவாட்டில் பார்க்கக் கண்ணுக்கு முன்னால் தலை திரும்பும், எச்சில் வடியும், கை தானாக அசையும். பெரும்பாலானவர்களுக்குப் பத்து வயது வாக்கில் வீல்சேர் தேவைப்படுகிறது. நீங்கள் எதையோ கவனிக்காமல் விட்டதால் வந்தது இல்லை இது.

"முதல்ல சிபின்னு சொல்லி மூணு வருஷம் பிசியோதெரபி போனோம். எல்லாம் வீணா?"

பிசியோதெரபி வீணில்லை, ஏ-டிக்கும் அது வேண்டும். பெருமூளை வாதம் என்கிற சிபி என்று முதலில் சொல்லிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது, ஏனென்றால் ஆரம்பத்தில் எம்ஆர்ஐயில் சிறுமூளை நன்றாகவே தெரியலாம், சுருக்கம் பிறகுதான் தெரியவரும். ஆனால் சிபியில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு மேலும் வளராது. பிள்ளைக்கு முன்பு செய்ய முடிந்த ஒன்று இப்போது முடியவில்லை என்றால், 'சிபிதான்' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். மரபணுப் பரிசோதனை கேளுங்கள்.

வேறு நோய்களும் இதே போலத் தள்ளாட வைக்கும். வைட்டமின் ஈ குறைவால் வரும் ஒரு பரம்பரை வகை உண்டு, அதற்கு அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுத்தால் நோய் மேலே போகாது. அதற்காகவாவது பெயர் சரியாகத் தெரிய வேண்டும். வேலூர் சிஎம்சியின் மரபியல் துறை, பெங்களூரு நிம்ஹான்ஸ், சண்டிகர் பிஜிஐ போன்ற இடங்களில் இந்த மாதிரி நோய்களைப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

"ஏஎஃப்பி அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நெட்ல பார்த்தா கல்லீரல் கேன்சர்னு போட்டிருக்கு. பயமா இருக்கு."

அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஏ-டி பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல் இந்த ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் கூடித்தான் இருக்கும், அது கல்லீரல் கட்டியால் வருவதில்லை. தள்ளாட்டமும் ஏஎஃப்பி உயர்வும் சேர்ந்து வந்தால் டாக்டருக்கு ஏ-டி ஞாபகம் வர வேண்டும், அவ்வளவு உபயோகமான, செலவு குறைந்த பரிசோதனை இது. பிறந்த குழந்தைகளுக்கு இயல்பாகவே இது அதிகம், இறங்க ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்பதால் கைக்குழந்தைக்கு வந்த ரிப்போர்ட்டை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது.

"கண்ணு வெள்ளையில சிவப்பா நரம்பு ஓடுது. சொட்டு மருந்து போடலாமா?"

வேண்டாம். அவை விரிந்த சின்ன ரத்தக்குழாய்கள், தொற்றும் இல்லை, அலர்ஜியும் இல்லை. நோயின் பெயரில் பின்பாதி இதைக் குறிப்பதுதான். வலிக்காது, பார்வையைக் கெடுக்காது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் தெரியத் தொடங்கும், சிலருக்கு வராமலே போகலாம். அதனால் கண் தெளிவாக இருக்கிறது என்பதால் ஏ-டி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

"எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலதானே மூளை கெட்டுச்சு? அதைச் சரி பண்ணிட்டா நடந்துடுவாளா?"

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் வருத்தமானது, ஆனால் தெளிவாகத் தெரிந்துகொண்டால் நிறையப் பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும். ஒன்றால் மற்றது வரவில்லை. ஒரே மரபணுப் பழுது இரண்டு இடத்திலும் தனித்தனியாக வேலை காட்டுகிறது.

டி செல், பி செல் என்ற வெள்ளை அணுக்கள், எண்ணில்லாத கிருமிகளை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக, வளரும் பருவத்தில் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே வெட்டி, வேறு வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு விதமாக ஒட்டுவதால்தான் இத்தனை வகைக் கிருமிகளை நம் உடம்பு அடையாளம் காண்கிறது. அப்படி வெட்டிய முனைகளைப் பத்திரமாகப் பிடித்து ஒட்ட ஏடிஎம் புரதம் வேண்டும். அது இல்லாதபோது பல செல்கள் பிழைப்பதில்லை, ரத்தத்தில் எண்ணிக்கை குறைகிறது, ஐஜிஏ, ஐஜிஜி போன்ற எதிர்ப்புப் புரதங்களும் குறையலாம். சில செல்கள் தப்பான முனைகளை ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடுகின்றன, லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் வர அது ஒரு காரணம்.

சிறுமூளையில் பர்கின்ஜி என்ற பெரிய நரம்பு செல்கள் மெல்ல மெல்ல அழிவது வேறு கதை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் ரத்த செல்கள் புதிதாக வரும், பர்கின்ஜி செல் வராது. மஜ்ஜை மாற்றுவதற்கு முன் கொடுக்கும் கீமோவையும் கதிர்வீச்சையும் இந்த உடம்பு தாங்குவது கடினம். அதனால்தான் ஏ-டிக்கு அதை வழக்கமாகச் செய்வதில்லை.

"அப்போ மாசாமாசம் ஐவிஐஜி ஏத்தணுமா?"

ஐவிஐஜி என்பது இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. எல்லோருக்கும் அது தேவையில்லை. சில பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி, காதில் சீழ், நிமோனியா என்று வரும், சிலருக்கு அப்படி எதுவும் வருவதில்லை. ஐஜிஜி அளவு, டி செல், பி செல் போன்ற லிம்போசைட் அணுக்களின் எண்ணிக்கை, போட்ட தடுப்பூசிக்கு உடம்பு எதிர்ப்பு உண்டாக்கியதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் இம்யூனோகுளோபுலின் தேவையா என்று முடிவு செய்வார்கள். நல்ல சேதி ஒன்று: நரம்புப் பாதிப்பு வருடத்துக்கு வருடம் கூடுவது போல, எதிர்ப்பு சக்திக் குறைவு பெரும்பாலானவர்களுக்குக் கூடிக்கொண்டே போவதில்லை.

வயது ஏற ஏற நுரையீரலுக்கு ஆபத்து வருவது கிருமியால் மட்டும் இல்லை. இருமலுக்கு வலு குறைந்து சளியை வெளியே தள்ள முடியாமல் போகிறது, சாப்பாடும் மூச்சுக்குழாயில் இறங்குகிறது. இருமல் ஒரு வாரத்துக்கு மேல் போனால் 'சீசன் சளி' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பிசியோதெரபியைச் சளி இல்லாத நாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

"தடுப்பூசி போடலாமா, கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

உயிருள்ள கிருமி உள்ளது, இல்லாதது என்று பிரித்துப் பாருங்கள். ஃப்ளூ ஊசி, நிமோகாக்கல் ஊசி போன்றவற்றில் உயிருள்ள கிருமி இல்லை, அவற்றைத் தாராளமாகப் போடலாம், போட வேண்டும். ஃப்ளூ ஊசியை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொண்டால் பிள்ளைக்கு இன்னும் பாதுகாப்பு.

உயிருள்ள தடுப்பூசிகளுக்கு, மேலே சொன்ன ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நோய் எதிர்ப்பு நிபுணர் சொல்லட்டும். நம் நாட்டில் பிசிஜியும் போலியோ சொட்டும் பிறந்தவுடனே, தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பது மாதத்தில் போட்டுவிடுவதால், ஏ-டி என்று தெரியும்போது இவை முடிந்திருக்கும். அதை நினைத்துக் கலங்க வேண்டாம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தோலில் ஆறாத தடிப்போ புண்ணோ வந்து மாதக்கணக்கில் இருந்தால், ரூபெல்லா ஊசி போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏ-டி பிள்ளைகள் சிலரின் அப்படிப்பட்ட தோல் கட்டிகளில் அந்த ஊசியின் வைரஸே இருந்தது தெரியவந்திருக்கிறது.

"எக்ஸ்ரே எடுக்கவே கூடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பது நிஜம். எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் டிஎன்ஏவை அறுக்கும் கதிர்கள், அறுந்ததைச் சரிசெய்யும் வசதிதான் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அதனால் எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் போதுமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், இரண்டிலும் அந்தக் கதிர்வீச்சு இல்லை. பல் டாக்டரிடமும் சொல்லுங்கள், அங்கே வழக்கமாகவே ஒரு படம் எடுத்துவிடுவார்கள். அதே சமயம் மூச்சுத் திணறலோடு போயிருக்கும் பிள்ளைக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டுமென்று டாக்டர் சொன்னால் தடுக்காதீர்கள்.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை வேறு. மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அளவில் அதைக் கொடுத்து உயிரே போன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. கீமோவிலும் சில மருந்துகளை விலக்கி, சிலவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நாங்கள் பைலின் முதல் தாளிலேயே, பெரிய எழுத்தில், 'ஏ-டி நோயாளி, கதிர்வீச்சு ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் எக்ஸ்ரே, சிடி எடுக்க வேண்டாம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் புது டாக்டரிடம் முழுக் கதையையும் சொல்ல நேரம் இருக்காது.

"ஒரு வேளை சாப்பிட ஒரு மணி நேரம் ஆகுது. தண்ணி குடிச்சா இருமுறா. சாதாரணம்தானே?"

இல்லை. விழுங்கும் தசைகளையும் ஒழுங்குபடுத்துவது சிறுமூளைதான். பத்து வயதை ஒட்டி இந்தச் சிக்கல் நிறையப் பேருக்கு வருகிறது. கெட்டியான சாப்பாட்டைவிடத் தண்ணீர், மோர், ரசம் போன்றவைதான் சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கும். இருமலே வராமலும் இறங்கலாம், அப்போது வெளியே தெரிவது அடிக்கடி வரும் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் ஏறாத எடையும்தான்.

நம் வீடுகளில் செம்பையோ தம்ளரையோ தூக்கி அண்ணாந்து குடிக்கப் பழக்குவோம் இல்லையா, அதை இந்தப் பிள்ளைகளுக்கு நிறுத்திவிடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுவழி இன்னும் திறந்து கொடுக்கும். நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, சிறு சிறு மடக்காக. எங்கள் வீட்டில் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சியும், ஸ்பூனில் எடுக்கும் தயிரும் சுலபமாக இறங்கின. உங்கள் பிள்ளைக்கு எந்தப் பதம் சரி என்பதை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வயிற்றில் நேராக உணவுக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் 'அந்த அளவுக்கு மோசமாகவில்லை' என்று தள்ளிப்போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். நுரையீரல் நன்றாக இருக்கும்போதே வைப்பதுதான் பாதுகாப்பு. குழாய் வைத்தாலும் ருசிக்காக வாயில் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், பலருக்கு முடிகிறது.

"கேள்வி கேட்டா பதிலே வர்றதில்லை. புத்தி மந்தமா? ஸ்கூலுக்கு அனுப்பி என்ன பண்றது?"

புத்தி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பதில் மனதில் தயாராகிவிடும், வாய்க்கு வர நேரமாகும். முகத்தில் உணர்ச்சி தெரியவும் தாமதமாகும், நாம் சிரித்து முடித்த பிறகு அவள் சிரிப்பாள். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடுகிறோம். டீச்சருக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்: கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

வரிசையைக் கண் தொடர முடியாததால் படிப்பதும், கை ஆடுவதால் எழுதுவதும் கஷ்டம். பெரிய எழுத்து, வாசித்துக் காட்டுவது, காதால் கேட்டுப் படிப்பது எல்லாம் உதவும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் சேர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்க அது வேண்டும்.

"மருந்தே இல்லையா? வெளிநாட்டுல ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்களாமே?"

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. கை அசைவு, எச்சில் வடிதல் போன்றவற்றுக்குத் தனித்தனி மருந்துகள் உண்டு. பிள்ளையின் சொந்த ரத்தச் சிவப்பணுக்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றி மறுபடி உடம்பில் செலுத்தும் முறை பெரிய ஆய்வாக நடந்தது, 2024-இல் வெளியான முடிவில் முக்கிய இலக்கை எட்டவில்லை. வேறு மருந்துகளும் ஆய்வில் இருக்கின்றன.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டிமோத்தி யூவின் குழு, ஒரே ஒரு ஏ-டி குழந்தையின் மரபணுப் பிழைக்கென்றே மருந்து தயாரித்துக் கொடுத்தது. அப்புறம் 235 நோயாளிகளின் மரபணுவைப் படித்து, சுமார் 9 சதவீதம் பேரின் பிழை இந்த வகை மருந்துக்கு ஏற்றதாக இருக்கக்கூடும் என்று 2023-இல் எழுதினார்கள். உங்கள் பிள்ளையின் மரபணு ரிப்போர்ட்டில் பிழை எது என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

"ஸ்டெம் செல் போட்டா சரியாகும்னு ஒரு இடத்துல சொன்னாங்க. நிலத்தை வித்தாவது போடலாமா?"

தயவுசெய்து வேண்டாம். இஸ்ரேலில் இருந்து ஒரு ஏ-டி சிறுவனை மாஸ்கோவுக்குக் கூட்டிப்போய், கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையிலும் முதுகுத்தண்டிலும் செலுத்தினார்கள். சில வருடங்களில் அவன் மூளையிலும் முதுகுத்தண்டிலும் கட்டிகள் வளர்ந்தன, சோதித்தபோது அவை அவனுடைய செல்கள் இல்லை, செலுத்தப்பட்ட செல்களிலிருந்து வந்தவை. 2009-இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இப்படி ஸ்டெம் செல் போடுவது முறையல்ல என்று நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) விதிமுறையும் சொல்கிறது. ஆய்வு என்றால் உங்களிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்க மாட்டார்கள்.

மூலிகை, லேகியம் பற்றியும் கேட்கிறீர்கள். சிறுமூளையைச் சரிசெய்த மூலிகை எதுவும் இல்லை. எதையாவது கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏ-டியில் வளர வளரக் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

"எத்தனை வருஷம் இருப்பா? யாரும் நேரா சொல்ல மாட்டேங்கிறாங்க."

நேராகவே சொல்கிறேன். நிறையப் பேர் இருபதுகளில் இறந்துவிடுகிறார்கள், சிலர் அதற்கு முன்னால். முப்பது, நாற்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள், முக்கியமாக ஏடிஎம் புரதம் கொஞ்சமாவது வேலை செய்கிற மிதமான வகையில். பெரும்பாலும் உயிரை எடுப்பது நுரையீரல் நோயும் புற்றுநோயும். ஏ-டி உள்ளவர்களில் நாலில் ஒருவருக்குப் புற்றுநோய் வருகிறது, சின்ன வயதில் வருவது அநேகமாக லுக்கேமியா அல்லது லிம்போமா. காரணம் தெரியாத காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி, அடிபடாமலே கன்றிப்போவது, வெளிறிப்போவது, இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

"சொந்தத்துல கட்டினதாலதான் வந்துச்சுன்னு மாமியார் தினமும் சொல்றாங்க. அடுத்த குழந்தைக்கும் வருமா?"

அக்கா மகளையோ அத்தை மகனையோ கட்டும்போது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனால் சொந்தமே இல்லாதவர்களுக்கும் இந்த நோயுள்ள குழந்தை பிறக்கிறது. பழுது அம்மா பக்கத்திலிருந்து ஒன்று, அப்பா பக்கத்திலிருந்து ஒன்று. மாமியாரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று அர்த்தமில்லை. முதல் பிள்ளையின் மரபணுப் பிழை தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் 11-ஆவது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்த்துவிடலாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதுதான் சட்டப்படி குற்றம், பரம்பரை நோய்க்காகப் பதிவு பெற்ற இடத்தில் பரிசோதிப்பது குற்றமில்லை. கர்ப்பம் ஆவதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள், ஆன பிறகு ஓடினால் நேரம் போதாது.

"எனக்கும் பரிசோதனை பண்ணச் சொல்றாங்க. எனக்கு நோய் இல்லையே? வெளியே தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுடாதா?"

ஒரு பிரதி மட்டும் பழுதாக உள்ளவர்களைக் கேரியர் என்பார்கள். உங்களுக்குத் தள்ளாட்டம் வராது. ஆனால் கேரியராக உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அதனால் மார்பகப் பரிசோதனையை மற்றவர்களைவிட முன்னதாகத் தொடங்கி வருடா வருடம் செய்யச் சொல்வார்கள். மேலே எக்ஸ்ரே பற்றிச் சொன்னது பிள்ளைக்குத்தான், கேரியர் அம்மா மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பயம் எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலும் அதைப் பேசினோம். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கை, சித்தி, அத்தை, அவர்கள் மகள்கள் என்று யாருக்குப் பழுது வந்திருக்கக்கூடுமோ அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். உங்கள் தங்கையும் கேரியராக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, தெரிந்துகொண்டால் மார்பகப் பரிசோதனையைச் சரியான வயதில் தொடங்குவாள், கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்வார்கள். கணவர் கேரியர் இல்லை என்று வந்தால் அவர்கள் குழந்தைக்கு ஏ-டி வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை. சொந்தத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தால் மட்டும் நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள், தயங்காதீர்கள். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் மரபியல் ஆலோசகரிடம் உறவினருக்குக் காட்ட ஒரு கடிதம் கேளுங்கள், எழுதித் தருவார்கள்.